‘அஞ்சேல்’ என்னும் சொல்லும் அச்சத்தின் சான்றும்: புகலிட விண்ணப்பம் குறித்த ஒரு விளக்கம்

முன்னுரை

திருஞானசம்பந்தரின் முதல் திருமுறையில் அமைந்த திருவையாற்றுப் பதிகம், ஐம்புலன்களும் கலங்கி அறிவழியும் இறுதி வேளையில் ‘அஞ்சேல்’ என்று அருள்பவன் உறையும் தலமாக அவ்வூரைப் போற்றித் தொடங்குகிறது. அங்கே அஞ்சுவோர் தம் அச்சத்திற்குச் சான்று காட்ட வேண்டியதில்லை. அடைக்கலத்தைக் குறிக்கும் ‘அபயம்’ என்ற சொல்லுக்கும் அச்சமின்மை என்பதே பொருள். இக்காலப் புகலிடச் சட்டமும் அச்சத்தையே அடிப்படையாகக் கொண்டது. ஆனால் அது அவ்வச்சத்தை அளந்து பார்க்கிறது. பிரித்தானியச் சட்டத்தில் அந்த அளவுகோலை வகுத்தது இலங்கைத் தமிழர் வழக்கு ஒன்றாகும்.

சட்டம் கூறும் அச்சம்

இனம், சமயம், தேசிய இனம், குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சார்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகியவற்றுள் ஒன்றன் பொருட்டுத் துன்புறுத்தப்படுவோம் என்ற தக்க காரணமுடைய அச்சத்தால் தம் நாட்டுக்கு வெளியே இருப்பவரை 1951ஆம் ஆண்டு உடன்படிக்கை அகதி என வரையறுக்கிறது. எனவே, தம் நாட்டில் போர் நடக்கிறது என்று விண்ணப்பதாரர் கூறுவது மட்டும் போதாது. தமக்கு நேரக்கூடிய ஆபத்தையும் அதன் காரணத்தையும் அவர் விளக்க வேண்டும். தப்பி வருவோரிடம் ஆவணங்கள் இருப்பது அரிது. ஆதலால் நேர்காணலில் அவர் அளிக்கும் வாக்குமூலமே பெரும்பாலும் முதன்மைச் சான்றாகிறது.

சிவகுமாரன் வழக்கு

1987இல் பிரித்தானியா ஆறு இலங்கைத் தமிழருக்குப் புகலிடம் மறுத்தது. விண்ணப்பதாரரின் நிலையில் நின்று அச்சத்தை மதிப்பிட வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கருதியது. பிரபுக்கள் சபை அதே ஆண்டு டிசம்பரில் அக்கருத்தை மாற்றியது. அச்சம் உண்மையாக இருப்பதோடு, நாடு திரும்பினால் துன்புறுத்தல் நேர்வதற்கான நியாயமான வாய்ப்பு புறநிலையிலும் இருத்தல் வேண்டும் என்பது அதன் தீர்ப்பு.

1988 பிப்ரவரியில் ஐவர் திருப்பி அனுப்பப்பட்டனர். அக்காலச் சட்டப்படி, நாட்டை விட்டு வெளியேறிய பிறகே அவர்களால் மேல்முறையீடு செய்ய முடிந்தது. 1989 மார்ச்சில் அம்மேல்முறையீட்டை விசாரித்த அதிகாரி, அவர்களின் அச்சம் தக்க காரணமுடையதே என முடிவு செய்தார். அதற்குள் அவர்கள் எந்த மண்ணுக்கு அஞ்சினரோ அங்கேயே ஓராண்டுக்கு மேல் வாழ நேர்ந்திருந்தது. எனினும், 1991 அக்டோபரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வில்வராஜா வழக்கில் பிரித்தானியா உரிமை மீறல் எதுவும் புரியவில்லை என்றே தீர்ப்பளித்தது.

தமிழகச் சூழல்

இந்தியா 1951 உடன்படிக்கையிலும் 1967 நெறிமுறையிலும் இணையவில்லை. தனியான புகலிடச் சட்டமும் இங்கு இல்லை. 1983க்குப் பின் வந்த இலங்கைத் தமிழர் பதிவு செய்யப்பட்டு முகாம்களில் தங்கவைக்கப்பட்டனர். ஒவ்வொருவரும் தம் அச்சத்தைத் தனித்தனியே மெய்ப்பிக்க வேண்டிய நிலை எழவில்லை. ஆயினும் சட்டத்தின் பார்வையில் அவர்கள் வெளிநாட்டவரே. 2021இல் தமிழக அரசு அம்முகாம்களை ‘மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் மாற்றியது. அதனால் அவர்களின் குடியுரிமை நிலை மாறவில்லை.

முடிவுரை

அச்சத்தை அளந்து உரிமை வழங்கும் முறை பிரித்தானியாவில் உள்ளது; அளக்காமல் ஏற்றுக்கொண்டு உரிமை வழங்காதிருக்கும் முறை தமிழகத்தில் உள்ளது. முதலாவதில் அளப்பவர் தவறக்கூடும் என்பதை 1989ஆம் ஆண்டு முடிவு காட்டுகிறது. ஆகவே, மேல்முறையீடு முடியும்வரை அந்நாட்டிலேயே தங்கியிருக்கும் உரிமை புகலிட நடைமுறையின் இன்றியமையாத கூறாகும். இரண்டாவதில், தலைமுறை கடந்தும் முகாமில் வாழ்வோருக்கு அடைக்கலத்தோடு சட்டத் தகுதியும் வேண்டும்.