உஷார்! விடியுமுன் கதவு தட்டப்படலாம்

கோர்ட்டில் உங்கள் பேரில் கேஸ் நடக்கிறதா? செக் கேஸ், ஜீவனாம்சக் கேஸ், அடிதடி, எதுவானாலும் சரி. கடைசி வாய்தாவுக்குப் போனீர்களா? போகவில்லையென்றால் இதைப் படித்துவிட்டு மறுவேலை பாருங்கள். உங்கள் பேரில் பிடிவாரண்ட் போயிருக்கலாம். உங்களுக்கே தெரியாமல்!

எங்கள் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் ஒருவர், நண்பரின் கடனுக்காகத் தன் செக்கைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று வாய்தாக்களை விட்டுவிட்டார். ஒருநாள் இருட்டு விலகுமுன் கதவை இடித்தார்கள். வந்த மூவரில் இருவர் மஃப்டி. அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுப்பதைக் கண்ட கல்லூரிப் பிள்ளை, யாரோ ரவுடிகள் என்று நினைத்து ஒருவரைத் தள்ளிவிட்டான். அவ்வளவுதான். லத்தி இறங்கியது. பையனுக்கு மணிக்கட்டு முறிந்தது.

அப்பா அன்று மாலையே ஜாமீனில் வீட்டுக்கு வந்துவிட்டார். பையன் பேரில் புதுக் கேஸ்! அரசு ஊழியரைப் பணிசெய்ய விடாமல் தாக்கினானாம். இனி அரசு வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ விண்ணப்பித்தால், போலீஸ் விசாரணையில் அது வந்து நிற்கும். அந்தத் தாய் அழுததைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

வாரண்ட் தானாகக் காலாவதி ஆகாது. நிறைவேற்றும்வரை, அல்லது கோர்ட்டே ரத்து செய்யும்வரை அது செல்லும். 'பழைய கேஸ்தானே' என்று தூங்காதீர்கள்.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டம் என்ன சொல்கிறது? சொல்லாலோ செயலாலோ கைதுக்கு இணங்கிவிட்டவரைப் பிடித்து அமுக்க வேண்டியதே இல்லை. தப்பியோடாமல் தடுக்க எவ்வளவு தேவையோ, அதற்கு மேல் கட்டுப்படுத்தவும் கூடாது. ஆனால் முரண்டு பிடித்தால்? தேவையான எல்லா வழியையும் கையாளலாம் என்று அதே சட்டம் இடம் கொடுக்கிறது. வந்த காரணத்தைச் சொல்லிக் கேட்டும் திறக்காவிட்டால் கதவையும் உடைக்கலாம். அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன்: தள்ளாதீர்கள். கையைத் தட்டிவிடாதீர்கள். பிள்ளைகளைக் குறுக்கே வர விடாதீர்கள்!

அதற்காக வாயை மூடிக்கொண்டு போகச் சொல்லவில்லை. கைது செய்ய வருபவரின் பெயர் தெளிவாகத் தெரியும்படி அடையாளம் இருக்க வேண்டும். இல்லையா? உஷார். வாரண்டைக் காட்டச் சொன்னால் எரிந்து விழுகிறார்களா? ரொம்பவே உஷார். கேட்டால் காட்டியே ஆக வேண்டும். அது எழுத்தில் இருக்கும்; நீதிபதியின் கையெழுத்தும் கோர்ட் முத்திரையும் இருக்கும். பெயர், அப்பா பெயர், முகவரி மூன்றையும் படித்துப் பாருங்கள். ஒரே பெயரில் தெருவுக்கு நாலு பேர் இருக்கும் ஊர் நம்முடையது! எந்த ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போகிறோம் என்று வீட்டாரிடம் சொல்ல மறுத்தால், அதுவும் ஆபத்துதான்.

பெண்களே, இதை மனதில் வையுங்கள். சூரியன் மறைந்த பிறகு, உதிக்கும் முன் பெண்ணைக் கைது செய்யக்கூடாது. தவிர்க்கவே முடியாத நிலை என்றால், பெண் போலீஸ் அதிகாரி எழுத்தில் கேட்டு, மாஜிஸ்திரேட்டிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.

அடி விழுந்துவிட்டதா? கைதானவரை டாக்டரிடம் காட்டியாக வேண்டும். அங்கே பயந்துகொண்டு 'கீழே விழுந்துட்டேன்' என்று சொல்லாதீர்கள்! எங்கே, எதனால் அடித்தார்கள் என்று சொல்லிப் பதியவையுங்கள். ரிப்போர்ட் நகலைக் கேட்டு வாங்குங்கள். பிரயாண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் கோர்ட்டில் நிறுத்த வேண்டும். அங்கே நீதிபதியிடமும் சொல்லுங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் புகார் கொடுக்க ஒரு வருடம்தான் அவகாசம். ஆறப்போட்டால் போச்சு.

இதெல்லாம் வந்த பிறகு செய்வது. வருமுன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கேஸ் எண்ணை எடுத்துக்கொண்டு இன்றைக்கே வக்கீலைப் பாருங்கள். வாரண்ட் இருந்தால் நீங்களே கோர்ட்டில் ஆஜராகி, ரீகால் மனு போட்டு ரத்து செய்யக் கேட்கலாம். வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லையா? இலவச சட்ட உதவிக்கு 15100-க்குப் போன் போடுங்கள். இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.