பாய்க்கப்பற் கட்டுமானமும் உழைப்பறிவும்: வல்வெட்டித்துறையை முன்வைத்துச் சில குறிப்புகள்

யாழ்ப்பாணத்துச் சமூக வரலாற்றை எழுதப் புகுந்தோர் வயலையும் தோட்டத்தையும் நோக்கிய அளவிற்குக் கடற்கரையை நோக்கினரல்லர். நிலவுடைமையே மேன்மைக்கு அளவுகோலாயிருந்த சமூகத்தில் இது வியப்பன்று. ஆயினும், குடாநாட்டுப் புகையிலையைத் திருவிதாங்கூருக்குக் கொண்டு செல்வதிலும் பர்மாவிலிருந்து அரிசியும் தேக்கும் கொணர்வதிலும் இக்கரைகளிற் கட்டப்பட்ட பாய்க்கப்பல்களின் பங்கு பெரிது. அவற்றைக் கட்டியோரின் அறிவு எத்தகையது, அது எங்கே தங்கியிருந்தது என்பதையே இங்கு நாம் நோக்குகின்றோம்.

முதலிற் கட்டும் முறையைக் காண்போம். வீட்டு முற்றத்தின் தொடர்ச்சியான கடற்கரை மணலே கட்டுதளம். கப்பலின் முதுகெலும்பாகிய ‘ஏரா’ முதலில் இடப்படும். அதன் இரு முனைகளிலும் முன்காலும் பின்காலும் நிறுத்தப்படும். விலாவெலும்பு போன்ற ‘வங்கு’களும் அவற்றின்மேற் பலகைகளும் பொருத்தப்படும். நேர்மரத்தை வளைவாக அறுத்து வங்கு செய்யின், வளைவில் மரத்தின் நார் வெட்டுப்படும். அலை மோதுகையில் முறிவது அவ்விடமே. எனவே இயல்பாகவே வளைந்து வளர்ந்த கிளை தேடப்பட்டது. வேலியில் நின்ற பூவரசும் வளவில் நின்ற வேம்பும் மேத்திரியின் கண்ணுக்கு வெறும் நிழல்மரங்களாகத் தோன்றியிரா. பலகையை நனைத்து நெருப்பில் வாட்டி வளைத்து வங்கோடு அறைவர். பலகைகளுக்கிடையேயுள்ள நீக்கலிற் பஞ்சு திணித்து, எண்ணெயிற் காய்ச்சிய குங்கிலியம் பூசுவது ‘கலப்பத்து’ எனப்படும். மரம் நீரில் ஊறிப் பருக்க, பொருத்து மேலும் இறுகும். வெகுநாள் கரையிற் கிடந்து காய்ந்த கலம் மீளவும் கலப்பத்து வேண்டி நிற்பது இதனாலேயே.

சிறு கலங்களின் நிலை சற்று வேறு. குடைந்து ஆக்கத்தக்க பெருமரம் குடாநாட்டில் அரிது. ஆதலின் வள்ளங்களுக்குரிய குடைமரம் மலையாளக் கரையிலிருந்து வந்தது. அதன்மேற் பக்கப்பலகை ஏற்றிப் பாய்மரம் நிறுத்தித் தம் கடலுக்கேற்ற கலமாக்கினர்.

இவ்வறிவு நூல்வழிப் பரவியதன்று. தமிழில் இத்துறை பற்றிய நூலே இல்லையென்று கூறவும் முடியாது. 1950இற் சென்னையில் அச்சேறிய ‘கப்பல் சாத்திரம்’ மரத்தின் அளவுகளையும் நன்னிமித்த தீநிமித்தங்களையும் பேசுகின்றது. உடைமையாளனுக்கு விளையும் நன்மை தீமையே அதன் கவலை, கைவேலையின் நுட்பமன்று. எழுத்து உடைமையின் பக்கமும், தொழில்நுட்பம் உழைப்பின் பக்கமும் நின்றமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. நமது நாட்டார் வழக்காற்றியலாரும் அம்பாப் பாடல்களைத் தொகுத்த அக்கறையோடு, அப்பாடல்களின் பின்னணியிலுள்ள தொழிற் சொற்களைத் தொகுத்தனரல்லர்.

‘அன்னபூரணி அம்மாள்’ பலரும் அறிந்த எடுத்துக்காட்டு. 1930இல் வல்வெட்டித்துறையில் வேப்ப மரத்தாற் கட்டப்பட்ட, ஏறத்தாழ 89 அடி நீளமான கப்பல் அது. 32 அடிப் பாய்ப்படகொன்றில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றிவந்த அமெரிக்கரான வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் அதனை விலைக்கு வாங்கினார். தண்டையல் தம்பிப்பிள்ளை முதலான வல்வைக் கடலோடிகளுடன் அக்கப்பல் செங்கடலையும் மத்தியதரைக் கடலையும் அத்திலாந்திக்கையும் கடந்து, 1938 ஆகஸ்டில் மசாசூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறையை அடைந்தது. அப்போது அதன் பெயர் ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’, உரிமையாளரின் மனைவி பெயர். நம்மவர் இப்பயணத்தை இனப்பெருமையாகவே பேசுவர். பேசட்டும். ஆனால் ஒரு கப்பலின் பெயர் அதனை ஆக்கியவரையன்றி உடையவரையே சுட்டும் என்பதும் இங்கு மனங்கொளத்தக்கது.

இத்தொழில் நலிவுற்றமைக்குக் கடலோடிகளின் சோம்பல் காரணமன்று. நீராவிக் கப்பல் சரக்கைக் கவர்ந்தது. 1905இல் காங்கேசன்துறைவரை வந்த புகையிரதம் கரையோர வணிகத்தைக் குறுக்கியது. 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அத்திசை வணிகம் அற்றது. சுதந்திரத்தின் பின் கடவுச்சீட்டும் சுங்கமும் இறுகவே, நேற்றுவரை வணிகமாயிருந்த அதே பயணம் கள்ளக்கடத்தலாயிற்று. மாறியது கடலன்று, சட்டமே. காரைநகரில் இயங்கிய சீநோர் போன்ற நிறுவனங்களின் வழி இயந்திரப் படகும் கண்ணாடியிழைப் படகும் பரவின. 1983இன் பின்னான போர்க்காலத்துக் கடற்றடைகள் எஞ்சியதையும் சிதைத்தன.

கண்ணாடியிழைப் படகால் மீனவர் பெற்ற நன்மையை நாம் மறுக்கவில்லை. பாரம் குறைவு, பராமரிப்பும் எளிது. எனினும் அச்சில் வார்க்கும் படகுக்கு எவரும் வளைந்த கிளை தேடுவதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிக்கன் ‘ஏரா’, ‘வங்கு’ ஆகியவற்றுக்குப் பொருள் தருகின்றது. எக்கிளை வங்காகும், எது ஆகாது என்பதை மேத்திரியின் அருகில் நின்று வேலை செய்தவரிடமே கேட்டறிதல் வேண்டும். அத்தகையோர் இன்று மிகச் சிலர், அவர்களும் முதியவர்கள்.