பாடம் இலவசம், பூட்டுக்கு விலை!

ஜெர்மனியிலே படிப்புக்குக் கட்டணமில்லை என்றதும் நம் வீட்டுப் பிள்ளைகளின் விழிகள் விரிகின்றன. பொய்யில்லை. பேடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. அதுபோன்ற சில இடங்கள் நீங்கலாக, அரசுப் பல்கலைக்கழகங்கள் பாடம் சொல்லப் பணம் கேட்பதில்லை. பாராட்டுவோம்! பாராட்டிவிட்டு, அந்தப் பிள்ளை அங்கே குடியிருக்க என்ன கேட்கிறார்கள் என்பதையும் பார்ப்போம்.

பூட்டிய கணக்கு என்று ஒன்று. 2024 செப்டம்பரில் வந்த கணக்குப்படி ஓராண்டுக்கு 11,904 யூரோ. நம் பணத்தில் பத்து லட்சத்துக்கும் மேல். விமானம் ஏறுமுன்பே கட்டிவிட வேண்டும். கட்டியவன் நினைத்தபோது எடுக்க முடியாது. மாதம் 992 யூரோ சொட்டும், அவ்வளவுதான். உதவித்தொகைக் கடிதமோ, அங்கே வாழ்பவர் எழுதித்தரும் பொறுப்புறுதியோ இருந்தால் பூட்டு தேவையில்லை. இரண்டும் இல்லாத நெசவாளி மகன்? வீட்டுப் பத்திரம் அடகுக்குப் போகிறது! ஏழையைக் குறிவைத்து எழுதிய சட்டமல்ல என்பார்கள். இருக்கட்டும், ஏழையின் கழுத்தைத்தானே அது முதலில் பிடிக்கிறது!

போய்ச் சேர்ந்தபின் தாள் படலம். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதியவேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையொப்பம் வேண்டும். அறை கிடைப்பதே அரிது. கையொப்பம் தராத வீட்டுக்காரரிடம் சிக்கினால் அதோகதி! பிறகு, விசா முடியுமுன் வெளிநாட்டார் அலுவலகத்தில் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பம்: கடவுச்சீட்டு, படம், சேர்க்கைச் சான்று, மருத்துவக் காப்பீடு, பணச் சான்று, வழக்கமாக 100 யூரோ கட்டணம்.

பெருநகரங்களிலே நேரில் காண நாள் கிடைக்கவே மாதங்கள் ஓடிவிடும். அலுவலகம் மூன்று மாதம் தாமதித்தால் அது பணிச்சுமை. மாணவன் மூன்று நாள் தாமதித்தால் அது சட்டமீறல்! என்னே நீதி!

சட்டத்தில் ஒரு சந்து உண்டு. காலத்தில் விண்ணப்பித்தவனுக்கு, முடிவு வரும்வரை பழைய அனுமதியே தொடர்வதாகக் கொள்வார்கள். அதற்கொரு தாள், 'ஃபிக்சியோன்ஸ்பெஷைனிகுங்'. தமிழில் சொன்னால் 'கற்பனைச் சான்று'! அனுமதி இருப்பதாகச் சட்டமே பாவனை செய்கிறதாம். சிரிப்பு வருகிறது. ஆனால் விசா முடிந்த நிலையில் அந்தத் தாளின்றித் தாயின் சாவுக்கு ஊர் ஓடிவந்தவன், திரும்பப் போக வழியின்றி விமான நிலையத்தில் நிற்பானே, அவனுக்குச் சிரிப்பு வருமா?

ஆள் வேண்டாத நாடா அது? இல்லை! 2024 மார்ச் முதல் மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம் என்று ஏற்றினார்கள். பட்டம் பெற்றபின் வேலை தேட 18 மாதம் தங்கலாம் என்கிறார்கள். உழைக்க வா என்று அழைக்கிற கை, உள்ளே வந்தவனை வரிசையிலே நிறுத்துவானேன்? அந்த அலுவலகங்களுக்கு ஆள் போடச் சொல்கிறோம். ஏழை மாணவனுக்கு அந்தப் பூட்டைத் தளர்த்தச் சொல்கிறோம்.

அதுவரை, புறப்படும் பிள்ளைகளே! அறைக்கு முன்பணம் தருமுன் பதிவுக்குக் கையொப்பம் உண்டா என்று கேளுங்கள். விசா முடியுமுன், நேரில் காணும் நாளுக்குக் காத்திராமல், விண்ணப்பத்தைச் சேர்த்துவிடுங்கள். சேர்ந்ததற்குத் தேதியிட்ட ஒப்புகையைக் கேட்டு வாங்கி, கடவுச்சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.