ஐப்பசியில் வரும் விருந்தாளிகள்



ஐப்பசி பிறந்தால் நம்ம குளத்தங்கரையிலும் காட்டிலும் கோடையில் பார்க்காத பறவைகள் தெரியும். வாலை ஆட்டி நடக்கும் மஞ்சள் வாலாட்டிக் குருவி, சோளக்காட்டில் கூட்டமாக இறங்கும் சூறைக்குருவி எல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்தவைதான். அங்கே பனி கொட்டும்போது பூச்சி, புழு கிடைக்காது. அதனால் இங்கே வந்து, பங்குனி, சித்திரையில் திரும்பிவிடும்.

இவர்களை ஆயிரக்கணக்கில் பார்க்க ஏற்ற இடம் கோடியக்கரை. நம்மில் பல குழுக்கள் நாகூர், வேளாங்கண்ணி போகிறோமே, அங்கிருந்து தெற்கே வேதாரண்யம் வழியாகப் போகலாம். 1967-ல் சரணாலயமானது. 2002-ல் தமிழ்நாட்டின் முதல் ராம்சர் ஈரநிலமாக, அதாவது உலகமே காக்க வேண்டிய நீர்நிலையாக அறிவிக்கப்பட்டது. இங்கு வரும் கொசு உள்ளானின் எடை சுமார் 25 கிராம். 50 கிராம் மிளகாய்த்தூள் பாக்கெட்டில் பாதி! அது ரஷ்யாவின் வடகோடியிலிருந்து பறந்து வருகிறது.

எப்படிப் பார்ப்பது?

• விடியற்காலையில், தண்ணீர் இறங்கிச் சேறு தெரியும் இடத்தில் பாருங்கள்.

• பளிச்சென்ற சேலை வேண்டாம். கிட்டே போகாதீர்கள். பயந்து பறந்தால் அதன் தெம்புதான் வீணாகும்.

• நிறத்தை மட்டும் நம்பாமல் அலகையும் காலையும் கவனியுங்கள். பூநாரைக்கு அலகு வளைந்திருக்கும், கால் நீளம்.

• அபூர்வப் பறவை பெரும்பாலும் கூட்டத்துக்குள்தான் நிற்கும். கல்யாண வீட்டில் வெளியூர்க்காரரைக் கண்டுபிடிக்கிற மாதிரி, வித்தியாசமாக மேய்வதைத் தேடுங்கள். கரண்டி போன்ற அலகுள்ள சின்ன உள்ளான் முன்பு கோடியக்கரையில் பதிவாகியிருக்கிறது. இன்று உலகிலேயே சில நூறுதான் மிச்சம்.

நாம் செய்ய வேண்டியது

பறவையின் காலில் வளையம் இருந்தால், அது ஆராய்ச்சியாளர்கள் மாட்டியது. இறந்து கிடந்தாலும் எண்ணைக் குறித்து வனத்துறையிடம் சொல்லுங்கள். அது எங்கிருந்து வந்தது என்பது அந்த எண்ணில்தான் தெரியும்.

வலை வைத்துப் பிடித்த உள்ளான், கொக்கு விற்க வந்தால் வாங்காதீர்கள். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். வாங்க ஆளில்லை என்றால் வலை விரிக்கவும் ஆளில்லை.

சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் பயப்படுமே என்று பல வருஷமாகத் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. நம்ம ஊர்க் குளத்துக்கு என்ன செய்யலாம்? அடுத்த குழுக் கூட்டத்தில் பேசி, தீர்மான நோட்டில் எழுதுங்கள்.