மொட்டை மாடியில் ஒரு சதவீதக் கணக்கு

“செயல்திறன் 22 சதவீதம்” என்ற சூரிய மின்தகடு விளம்பரத்தைப் பார்த்து, “மீதி 78 சதவீதம் வீண்தானே, ஐயா?” என்று எட்டாம் வகுப்பு மாணவர் கேட்டால் என்ன சொல்வோம்? வீணாவது வெயில், அதற்கு விலை இல்லை. இடத்துக்கும் தகட்டுக்கும்தான் விலை.

சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி விழுவதாக வைத்தே தகடுகளைச் சோதிக்கிறார்கள். 20 சதவீதத் தகடு அதில் 200 வாட் தரும். 3 கிலோவாட்டுக்கு 15 சதுர மீட்டர் வேண்டும். 22 சதவீதத் தகட்டுக்கு 13.6 போதும். ஸ்ரீரங்கம் சித்திரை வீதி, உத்திர வீதிகளில் தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, பக்கத்து வீட்டு நிழல் போக மாடியில் மிஞ்சுவது கொஞ்சம்தான். அங்கே இந்த வித்தியாசத்துக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம். பரந்த மாடியுள்ள பள்ளிக்கு வாட் ஒன்றுக்கு என்ன விலை என்பதே முக்கியம்.

சோதனையில் தகட்டின் வெப்பநிலை 25 டிகிரி. திருச்சியில் கோடை வெயில் 40 டிகிரியைத் தொடும் நாளில் தகடு 65 வரை சூடாகும். பரவலாக உள்ள ‘பெர்க்’ வகையில் ஒவ்வொரு டிகிரிக்கும் திறன் சுமார் 0.35 சதவீதம் குறையும்: 40 × 0.35 = 14. மாணவர்கள் சறுக்கும் இடம் இது. 22-இல் 14 போனால் 8 அன்று. 22-இல் 14 சதவீதம் குறைந்து ஏறக்குறைய 19. புதிய ‘ஹெட்டரோஜங்ஷன்’ வகையில் இழப்பு டிகிரிக்கு 0.25 அளவே. நம் ஊருக்கு விளம்பரத்தின் பெரிய எண்ணைவிட இந்தச் சிறிய எண்ணை முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

1954-இல் பெல் ஆய்வகத்தின் சிலிக்கன் மின்கலம் தந்தது சுமார் 6 சதவீதம். சிலிக்கன் மட்டும் கொண்டு 29-ஐத் தாண்டுவது அரிது. அதன்மேல் பெரோவ்ஸ்கைட் படலம் சேர்த்த சிறிய கலங்கள் ஆய்வகத்தில் 34-ஐ எட்டிவிட்டன. ஈரமும் வெப்பமும் அப்படலத்தைச் சிதைப்பதே இன்னும் தீராத சிக்கல். விலையோ 2010-க்குப் பின் பத்தாண்டுகளில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிட்டது. இன்று வீட்டு மாடியில் தாங்கு சட்டம், இன்வெர்ட்டர், கூலி ஆகியவையும் செலவில் பெரும்பங்கு. 2024-இல் தொடங்கிய ‘சூர்ய கர்’ திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 மானியம் உண்டு.

வகுப்பில் செய்து பார்க்க ஒரு சிறிய தகடும் மல்டிமீட்டரும் போதும். நண்பகலில் கால்மணி நேரம் காயவிட்டு மின்னழுத்தத்தைக் குறியுங்கள். பின்புறம் ஈரத்துணியை ஒற்றுங்கள். வெயில் மாறாமலே எண் ஏறுவதை மாணவர்களே படித்துச் சொல்லட்டும்.