சின்னப்பயல் கொடுத்த பதில்!

வாளால் குத்துப்பட்ட ஒருவன், உயிர் போகும் தறுவாயில் இருக்கிறான். அப்போதும் சிலேடை பேசுகிறான்!

ஆங்கிலக் கவிஞரும் நாடக ஆசிரியருமான ஷேக்ஸ்பியர் (1564-1616) எழுதிய "ரோமியோ-ஜூலியட்" நாடகத்தில் வரும் காட்சி இது. அவன் பெயர் மெர்குஷியோ. ரோமியோவின் நண்பன், எப்போதும் கேலி பேசுகிறவன்.

கல்லறையைக் குறிக்கும் ஒரு சொல்லுக்கு, ஆங்கிலத்தில் "சிரிப்பு விளையாட்டு இல்லாத" என்றும் பொருள் உண்டு. "நாளைக்கு நான் அந்தச் சொல்லுக்கு ஏற்ற ஆளாகிவிடுவேன்" என்ற கருத்தில் பேசிவிட்டு, அவன் செத்துப் போகிறான்.

ஒரே சொல்லில் இரண்டு பொருள் வைப்பதுதான் சிலேடை. தமிழுக்கும் இது பழைய சொத்து. அதில் கெட்டிக்காரனான ஒரு சிறுவன் நமது கரிசல் சீமையில் இருந்தான்.

பட்டம் வந்தது, பகையும் வந்தது

கோவில்பட்டிக்குக் கிழக்கே இருக்கிறது எட்டயபுரம். அங்கே 1882-ம் ஆண்டு டிசம்பர் 11-ந்தேதி பிறந்தவர் சுப்பிரமணியன். ஐந்து வயதில் தாயை இழந்தார். பிள்ளை கணக்குப் படிக்கவேண்டும் என்று தந்தை சின்னசாமி அய்யர் ஆசைப்பட்டார். பிள்ளையின் மனமோ கவிதையின் பின்னால் ஓடியது.

11 வயதில் அவருக்குப் புலவர்கள் "பாரதி" என்று பட்டம் கொடுத்தார்கள். பாரதி என்றால் கலைமகள். அரும்பு மீசைகூட முளைக்காத பையனுக்கு இவ்வளவு பெரிய பட்டமா? சிலருக்குப் பொறுக்கவில்லை.

அப்போது நடந்ததாகச் சொல்லப்படும் கதை இது.

காந்திமதிநாதன் என்பவர் பாரதியைவிட வயதில் மூத்தவர். அவரும் கவி பாடுகிறவர். பலர் கூடியிருந்த இடத்தில், பாரதியை அவர் சோதிக்க நினைத்தார். ஒரு வெண்பாவின் கடைசி அடியை மட்டும் கொடுத்தார். மற்ற அடிகளைப் பாடிப் பாட்டை முடிக்கவேண்டும். இதற்கு ஈற்றடி கொடுத்தல் என்று பெயர்.

அவர் கொடுத்த அடியில் இருந்தவை மூன்றே சொற்கள். பாரதி ஒரு சின்னப்பயல் என்பதே அவற்றின் பொருள்!

பாடினால், தன்னைத் தானே இகழ்ந்ததாக ஆகும். பாடாவிட்டால், பட்டம் போய்விடும். கூடியிருந்தவர்கள் பையனின் முகத்தையே பார்த்தார்கள்.

பாரதி பாடினார். ஈற்றடியில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. தம் பெயரை மட்டும் "பார்", "அதி" என்று இரண்டாகப் பிரித்தார். "அதி" என்றால் "மிக". அதற்கு முன்னால் காந்திமதிநாதன் பெயரை வைத்தார். "காந்திமதிநாதனைப் பாருங்கள், மிக மிகச் சின்னப்பயல் அவரே" என்று பொருள் மாறிவிட்டது! போதாததற்கு, அவருடைய நெஞ்சு காரிருள்போல் இருண்டது என்றும் பாட்டில் சொல்லிவிட்டார்.

சபை சிரித்தது. மூத்தவர் தலை குனிந்தார்.

அதே கார்

பலர் கதையை இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால், இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம்.

வயதில் பெரியவர் வாடி நின்றதைப் பார்த்ததும் பாரதியின் மனம் இளகியது. உடனே அதே பாட்டை மாற்றிப் பாடினார். இம்முறை தம் பெயரைப் பிரிக்கவில்லை. "காந்திமதிநாதனுக்கு முன்னால் இந்தப் பாரதி சின்னப்பயல்தான்" என்று முடித்தார்.

"கார்" என்ற சொல்லும் மறுபடி வந்தது. முதல் பாட்டில், அவர் நெஞ்சுக்குக் காரிருள் உவமை. இரண்டாவது பாட்டில், அவர் உள்ளத்தின் உயர்வுக்குக் கார்மேகம் உவமை!

கரிசல்காட்டுக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். பருத்தியும் கம்பும் சோளமும் மானாவாரியாக விளையும் பூமி அது. மழைக்காக வானத்தைப் பார்த்து நிற்பவருக்கு, மேகத்தின் கறுப்பு ஒரு குறையா? அதுதானே வாழ்வு!

தன்னையும் கேலி செய்தவர்

பெரியவரான பிறகும் பாரதியாரின் நகைச்சுவை குறையவில்லை. ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியிடம் கொண்ட பற்றால் "ஷெல்லிதாசன்" என்று புனைபெயர் வைத்துக்கொண்டவர் அவர். "சின்னச் சங்கரன் கதை"யில் ஜமீன் தர்பாரின் வீண் ஆடம்பரத்தைக் கேலி செய்தார். அந்தத் தர்பாரில் ஒண்டிக்கொண்டு கவி பாடும் இளைஞனையும் விடவில்லை. ஒரு காலத்தில் அவரே எட்டயபுரம் ஜமீனில் வேலை பார்த்தவர்தானே!

எட்டயபுரத்தில் 1947-ம் ஆண்டு பாரதி மணிமண்டபத்தை ராஜாஜி திறந்து வைத்தார். சின்னப்பயலுக்கு ஊரே மண்டபம் கண்டது.

காந்திமதிநாதன் பெயரும் மறையவில்லை. அவர் தோற்றதற்காக மட்டும் அல்ல; ஜெயித்த சிறுவன் அவர் முன்னால் தலை வணங்கியதற்காகவும், அந்தப் பெயரை மக்கள் இன்றும் சொல்கிறார்கள்.