விளக்கடிக்கு வரும் வால் அந்து

மாணவர்களே, மே முதல் ஆகஸ்டு வரை இரவில் உங்கள் வீட்டு அஞ்சடி விளக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். மற்ற மாதங்களில் அரிதாகவே கண்ணில் படும் ஒரு பெரிய பழுப்பு நிற அந்துப்பூச்சி, சுவரில் இறக்கையை விரித்து ஒட்டிக்கொண்டிருக்கலாம். இறக்கைகளின் குறுக்கே வெள்ளைக் கோடு ஓடும். பின்னிறக்கைகளில் வால்கள் நீண்டிருக்கும். இறக்கை விரிப்பு 16 செண்டிமீட்டர் வரை போகும். அறிவியல் பெயர் லைசா ஸம்பா.

வௌவால் என்று பயந்து விளக்குமாற்றை எடுப்பவர்கள் உண்டு. செத்துப்போன தாத்தா வந்திருக்கிறார் என்று கும்பிடுபவர்களும் உண்டு. இரண்டில் கும்பிடுவதே பூச்சிக்கு நல்லது! இது கடிக்காது. கையில் ஒட்டும் தூள் விஷமல்ல, இறக்கையை மூடியிருக்கும் நுண்ணிய செதில்களே. வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் தடித்திருக்கும். இதற்கோ நூல்போல் இருக்கும்.

மம்பாவைச் சுற்றி இத்தனை தோட்டங்கள் இருந்தும் இது ஏன் அதிகம் தென்படுவதில்லை? காரணம் சாப்பாடு. இதன் புழு செசெண்டோக் வகை மரங்களின் இலையைத்தான் தின்னும். செசெண்டோக்கும் நம் ரப்பர் மரமும் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனாலும் ரப்பர் இலை அதற்கு ஆகாது. ஒவ்வொரு மரமும் தன்னைக் காத்துக்கொள்ளத் தனக்கென்று இரசாயனங்களை வைத்திருக்கிறது. ஒன்றைச் சமாளிக்கப் பழகிய புழுவுக்கு உறவுக்கார மரம்கூட அந்நியம்தான். செம்பனையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அப்படியானால் சுவரில் இருப்பது எங்கே வளர்ந்தது? அங்சி, பெரெம்புன் மலைக்காடுகள் பக்கமாக இருக்கலாம். ஆற்றோரப் புதர்க்காட்டில் நிற்கும் ஒற்றை மரமாகவும் இருக்கலாம். செசெண்டோக் வெயில்படும் வெட்டவெளியில் சீக்கிரம் வளரும். மரம் இலேசானது, தீக்குச்சி செய்ய உதவும். தோட்டத்து எல்லையில் முளைத்தால் 'காட்டு மரம்' என்று வெட்டிவிடுவார்கள். அதோடு புழுவின் சாப்பாடும் போகும்.

2014 பிப்ரவரியில் நெகிரி செம்பிலானில் தண்ணீர் நெருக்கடி ஏற்பட்டது. வீட்டில் கேட்டுப் பாருங்கள். அதே ஆண்டு மே மாதம் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இந்த அந்து கூட்டம் கூட்டமாக வந்தது. வறட்சிக்குப் பின் பெய்த மழையில் மரங்கள் ஒரே நேரத்தில் துளிர்விட, புழுக்களுக்கு இளந்தளிர் தாராளமாகக் கிடைத்தது என்பது இயற்கை ஆர்வலர்கள் கூறும் ஒரு விளக்கம்.

இந்த ஆண்டு ஒன்று வந்தால் படம் எடுத்து, தேதியைக் குறித்துவிட்டு விளக்கை அணைத்துவிடுங்கள். பகலில் ஆற்றோரம் போனால் செசெண்டோக்கையும் தேடலாம்: காம்பும் இலையும் சேரும் இடத்தில் இரண்டு சிறு சுரப்பிகள் தெரியும்.